சேய்மை சுட்டும் ஆங்கிலத் தொடர்கள்

இவ்விழா மலருக்கு வந்த வாழ்த்துரைகளுட் பல கடல் கடந்து வந்தவை. அவற்றுள் ஆங்கிலத்தில் அமைந்தவற்றைத் தமிழாக்கும் பணி உயர்தர வகுப்பு மாணவர் சிலரிடம் ஒப்படைக்கப்பட்டது. 'ஃபார்-ஃப்ளங்' என்னும் அடைமொழி அவ்வுரைகளில் மீண்டும் மீண்டும் வந்திருந்தது. மாணவர் ஒருவர் அதனைத் 'தூர வீசப்பட்ட பழைய மாணவர்கள்' என்று பெயர்த்து வைத்தார். உடனிருந்தோர் நகைத்தனர். ஆயினும் சொல்லுக்குச் சொல் நோக்கின் அவர் எழுதியதிற் குற்றம் யாதுமில்லை. 'ஃபார்' என்பது தொலைவு. 'ஃப்ளங்' என்பது வீசப்பட்டது. 1983ஆம் ஆண்டின் பின்னர் இம்மண்ணை விட்டுச் சென்றோரை நினைவார்க்கு அம்மொழிபெயர்ப்பு நகைப்பை விளைப்பதுமன்று.

ஆனால் ஆங்கிலேயர் அச்சொல்லை ஆண்டது வேறு கருத்தில். விதைப்போன் கைவிதை வயலெங்கும் பரவுவது போலத் தம் ஆட்சி உலகெங்கும் பரந்து கிடக்கின்றது என்னும் பெருமிதம் அதிற் பொதிந்திருந்தது. 1897இல் விக்டோரியா அரசியின் வைரவிழாவையொட்டிக் கிப்ளிங் பாடிய 'ரிசெஷனல்' என்னும் பாட்டில் பேரரசின் படையணிக்கு இச்சொல்லே அடையாக வந்தது. அதுவும் ஒரு விழாவுக்கு எழுந்த பாட்டு என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வீசினவன் வாயிற் பெருமிதமாகிய சொல், வீசப்பட்டவன் வாயில் வேறொன்றாகின்றது. ஆகவே சேய்மை குறித்த ஆங்கிலத் தொடர் ஒன்றைக் கண்டால், 'தூரம் என்கின்றாயே, எங்கே நின்றுகொண்டு சொல்கின்றாய்?' என்று அத்தொடரையே வினவுதல் மொழிபெயர்ப்போன் முதற்கடமை. இவ்வினாவோடு சில தொடர்களை இங்கு ஆராய்வோம்.

முழக்கோலும் சங்கிலியும் வருமுன் மனிதன் தன் உடம்பைக் கொண்டே வழியை அளந்தான். ஆங்கிலத்தில் 'ஸ்டோன்ஸ் த்ரோ' என்பது கல்லெறி தூரம். 'இயர்ஷாட்' என்பது செவிக்கெட்டும் தூரம். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலே கல்லெறி தூரம் வருகின்றது. தமிழ் விவிலியத்திலும் அவ்வாறே வருகின்றது. நாவலர் பெருமான் இளமையிற் பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்குத் துணைநின்றவர் என்பதைக் கொண்டு, இத்தொடரைப் பாதிரிமார் கொண்டுவந்த பண்டம் எனச் சிலர் எண்ணக்கூடும். கல்லும் கையும் உள்ள நாடெங்கும் இவ்வளவை தானே தோன்றும் என்பதே என் துணிபு.

இவ்வகையில் நம் உள்ளத்துக்கு மிக அணுக்கமானது 'எ ஃபார் க்ரை' என்னுந் தொடர். 'க்ரை' என்பது கூவல். கூவினாற் கேளாத் தொலைவு என்பது அதன் நேர்ப்பொருள். ஸ்கொத்லாந்து மலைநாட்டிற் காம்பெல் குலத்தார்க்கு உரிய நிலம் மிகப் பரந்தது. அதன் நடுவணதாகிய 'லொக்கோ' ஏரிக்கு இங்கிருந்து கூவினாற் கேளாது என்பது அந்நாட்டுப் பழமொழி. வால்டர் ஸ்கொட் தம் நவீனங்களில் அதனை எடுத்தாண்டு ஆங்கிலம் பேசுவோர் யாவர்க்கும் அறிமுகமாக்கினார். நம் பழைய வாய்பாட்டில் நான்கு கூப்பீடு கொண்டது ஒரு காதம். கூப்பிடு தூரம் என்று இன்றும் நம் பாட்டிமார் கூறுவர். ஈழநாட்டு வேலிக்கப்பாலும் ஸ்கொத்லாந்து ஏரிக்கப்பாலும் ஒரே அளவுகோல் ஒலித்திருக்கின்றது.

எனினும் ஆங்கிலம் அத்தொடரை இடத்தோடு நிறுத்தவில்லை. இன்று ஒருவர், 'இக்கட்டடம் நான் படித்த காலத்துக் கொட்டகையிலிருந்து ஃபார் க்ரை' என்றால், வழித்தூரம் ஒன்றும் அங்கில்லை, பெருவேறுபாடே உண்டு. அவ்விடத்திற் 'கூப்பிடு தூரத்துக்கு அப்பால்' என்று எழுதுவது பொருந்தாது. மலைக்கும் மடுவுக்கும் என்னும் நம் வழக்கே அதற்கு நேராகும்.

இனி இலக்கணத்துட் புகுவோம். ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இடஞ்சுட்டுஞ் சொற்கள் மும்மூன்றாக நின்றன. 'ஹியர்' என்பது இங்கு. 'ஹிதர்' என்பது இங்கு நோக்கி. 'ஹென்ஸ்' என்பது இங்கிருந்து. அவ்வாறே 'தெயர், திதர், தென்ஸ்' என்பன அங்கு என்பதற்கும், 'வேர், விதர், வென்ஸ்' என்பன எங்கு என்பதற்கும் வந்தன. நிற்றல், வருதல், நீங்குதல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருந்த அவ்வொழுங்கு அழகியது. இன்று ஒவ்வொரு வரிசையிலும் முதற்சொல்லே பேச்சில் உயிரோடுளது. 'ஹென்ஸ்' பெரும்பாலும் 'ஆகவே' என்னும் பொருளுக்கு ஒதுங்கிவிட்டது. 'வென்ஸ்' என்பதற்குள்ளேயே 'இருந்து' என்னும் பொருள் அடங்கியிருக்கவும் அதன்முன் 'ஃப்ரம்' சேர்த்து எழுதுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அரைநாழிகை என்பதே கால அளவாயிருக்க 'அரைநாழிகை நேரம்' என்று நாம் கூறுவதில்லையா? இதற்காக மாணவர் புள்ளிகளைக் குறைப்பது கொடுமை என்பேன்.

இடமும் பொருளும் சுட்டுவதில் ஆங்கிலம் இன்னொரு மூன்றையும் இழந்தது. 'திஸ்' இது, 'தற்' அது என்பன எல்லாரும் அறிந்தவை. இவற்றுக்கு அப்பால் 'யொன்' என்று மூன்றாவது சுட்டு ஒன்று இருந்தது, இடத்துக்கு 'யொண்டர்'. அதோ கண்ணுக்கெட்டும் தூரத்திலுள்ள அம்மலை என்பது போன்ற பொருளைத் தருவது அது. ஸ்கொத்லாந்திலும் இங்கிலாந்தின் சில புறநாட்டுப் பேச்சுகளிலும் எஞ்சிநிற்க, பொது ஆங்கிலத்திற் செய்யுட் சொல்லாய் அது தேய்ந்தது.

நமக்கு இது புதிதன்று. அ, இ, உ ஆகிய மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் வகுத்தது. தமிழகப் பேச்சில் உகரச் சுட்டு மறைந்தொழிய, யாழ்ப்பாணத்தார் நாவில் உது, உவன், உங்கை என அது இன்றும் நாடோறும் வழங்குகின்றது. தமிழகத்திலிருந்து வரும் அறிஞர் இதனைக் கேட்டு வியப்பர். ஆயின் 'யொன்' என்பதும் நம் 'உது' என்பதும் ஒன்றென மயங்கலாகாது. ஆங்கிலத்தின் மூன்றாஞ் சுட்டு சேய்மையினுஞ் சேய்மை. பேசுவோன் தன் காலடியிலிருந்தே மூன்று படியும் அளக்கின்றான். நம் உகரமோ இடைப்பட்டது. பெரும்பாலும் கேட்போன் பக்கத்தில் உள்ளதைச் சுட்டுவது. 'உதை இங்கே தா' என்றால், அப்பொருள் உன்னருகில் இருக்கின்றது என்பதை நான் கண்டு சொல்கின்றேன் என்பது பெறப்படும். கேட்பவனுடைய இடத்தையும் கணக்கிற் கொண்ட சுட்டு அது. வெளிநாட்டிற் பிறந்த நம் பேரப்பிள்ளைகள் தமிழ் கற்கும்போது முதலில் நழுவவிடுவது இவ்வுகரத்தையே. தமிழகத்துப் பாடநூல்களையே பயன்படுத்தும் பெற்றோர் இதனை வாய்மொழியாகவேனும் ஊட்டுதல் வேண்டும்.

உலகின் கடைகோடி எது என்பதற்கு ஒவ்வொரு மொழியிலும் சில ஊர்ப்பெயர் உண்டு. ஆங்கிலேயர் இலத்தீனிலிருந்து கடன்கொண்டது 'அல்டிமா தூலே'. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மசாலியா நகரத்துக் கிரேக்கனாகிய பித்தேயஸ் வடகடலிற் சென்று, பிரித்தானியாவுக்கு வடக்கே ஆறுநாட் கடற்பயணத் தொலைவில் தூலே என்னும் நாடு உண்டு என்றான். வேர்ஜில் அதனைக் கடைசித் தூலே என்று பாட, கடைகோடிக்கு அது மறுபெயராயிற்று. உரோமருக்குப் பிரித்தானியாவும் உலகத்தினின்றும் துண்டிக்கப்பட்ட நாடாகவே தோன்றியது. உலகின் விளிம்பில் வாழ்ந்தோர் எனப்பட்டவரே பிற்காலத்துப் பிறரை விளிம்பில் வைத்துப் பேசினர்.

அவுஸ்திரேலியாவில் வாழும் நம் பழைய மாணவர் 'பாக் ஒஃப் பேர்க்' என்பதைக் கேட்டிருப்பர். பேர்க் என்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் உட்பகுதியிலுள்ள ஊர். அதற்கும் பின்னால் என்றால் ஆளரவமற்ற நாடு என்பது கருத்து. அமெரிக்கர் 'பூண்டொக்ஸ்' என்பர். பிலிப்பைன் நாட்டுத் தகாலோகு மொழியில் 'புண்டோக்' என்பது மலை. 1899இல் தொடங்கிய போரில் அந்நாட்டுக்குச் சென்ற அமெரிக்கப் படைவீரர் அச்சொல்லைக் கொண்டுவந்தனர். ஒருவனுடைய பிறந்த மலை மற்றொருவனுக்குப் பட்டிக்காடு என்னும் ஏளனச் சொல்லாகிவிட்டது.

இவற்றுளெல்லாம் பெயர்பெற்றது திம்புக்து. 'ஃப்ரம் ஹியர் டு திம்புக்து' என்றால் இங்கிருந்து உலகத்து அந்தம்வரை. அப்படியோர் ஊர் உண்மையில் உண்டோ என ஐயுறுவோரும் உளர். அது மேலை ஆபிரிக்காவில் மாலி நாட்டில், நைகர் ஆற்றை அடுத்துச் சகாராப் பாலையின் ஓரத்தில் உள்ளது. உப்பும் பொன்னும் கைமாறிய சந்தி அது. ஐரோப்பியர் நெடுங்காலம் அங்கே செல்ல இயலாதிருந்தமையாலேயே அதன் பெயர் எட்டாத் தொலைவுக்கு அடையாளமாயிற்று. ஸ்கொத்லாந்தினராகிய லேயிங் 1826இல் அங்குச் சேர்ந்து, மீளும் வழியிற் கொல்லப்பட்டார். பிரெஞ்சு நாட்டவராகிய கையே 1828இல் மாறுவேடத்திற் சென்று உயிரோடு மீண்டார். பொன்மாடங்களை எதிர்பார்த்துப் போனவர் மண்வீடுகளைக் கண்டு ஏமாந்தார்.

அவர் மதிப்பறியாத செல்வம் அங்கே வேறொன்று இருந்தது. திம்புக்து பல நூற்றாண்டாகக் கல்விநகரம். அறபு எழுத்தில் அமைந்த கையெழுத்து நூல்கள் அங்கே வீட்டுக்கு வீடு தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டன. 2012இல் ஆயுதக்குழுவினர் அந்நகரைக் கைப்பற்றியபோது, நூல்காப்போர் அச்சுவடிகளைத் தகரப்பெட்டிகளில் இட்டு, வண்டியிலும் படகிலுமாக மறைவாகத் தலைநகர் பாமாகோவுக்கு அனுப்பினர். 2013 சனவரியில் அக்குழுவினர் பின்வாங்குகையில் எஞ்சியவற்றுட் சில எரியூட்டப்பட்டன. 1981 யூன் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த நமக்கு, திம்புக்து எட்டாத ஊராக இருத்தல் இயலுமோ? இத்தொடரை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் அந்நகரின் படத்தையும் மாணவர்க்குக் காட்டுவது என் வழக்கம்.

தொலைவிலிருந்து வந்த பொருளையும் ஆளையும் குறிக்கும் சொற்களின் கதை இன்னும் சுவையானது. 'ஃபார்-ஃபெச்ட்' என்றால் இன்று நம்பத்தகாதது, வலிந்து கூறியது. 16ஆம் நூற்றாண்டில் அது தொலைநாட்டிலிருந்து கொணரப்பட்டது என்னும் நேர்ப்பொருளிலேயே வழங்கியது. 'அவுட்லாண்டிஷ்' என்றால் புறநாட்டது, இன்று கோமாளித்தனமானது. 'ஸ்ட்ரேஞ்ச்' என்பதன் இலத்தீன் மூலம் புறத்தது என்னும் பொருளது, இன்று விபரீதமானது. 'அன்கூத்' என்றால் அறியப்படாதது, இன்று நாகரிகமற்றது. 'ஃபொறின்' என்பதன் அடியோ வாயிற்கதவுக்கு வெளியே என்பது. வெளியிலிருந்து வந்தது, பழக்கமில்லாதது, பிழையானது என்று படிப்படியாக இச்சொற்கள் சரிந்துள்ளன. 'எக்சொற்றிக்' ஒன்றே இதற்கு ஓரளவு விலக்கு. அதன் கிரேக்க மூலமும் புறத்தது என்பதே; ஆயினும் அது வெறுப்பின் பக்கம் செல்லாது வியப்பின் பக்கம் சென்றது. எனினும் நம்மை ஒருவர் அச்சொல்லாற் புகழ்ந்தால் மகிழ்வதா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும்.

இவ்வகையில் மிக விசித்திரமானது வேல்ஸ் நாட்டின் பெயர். பழைய ஆங்கிலத்தில் 'வெயால்' என்றால் அயலான். 5ஆம் நூற்றாண்டளவிற் கடல் கடந்து வந்து குடியேறிய ஆங்கிலேய முன்னோர், அத்தீவில் முன்பே வாழ்ந்த மக்களை அயலார் என்றனர். வந்தவன் வைத்த அப்பெயரே நாட்டின் பெயராய் நிலைத்தது. அம்மக்கள் தம்மைக் 'கும்ரி', அதாவது ஒரே நாட்டினர், என்றே அழைத்துக்கொள்வர். 'வால்நட்' என்னும் கொட்டைப் பருப்பின் பெயரிலும் அந்த அயலான் ஒளிந்திருக்கின்றான்.

வான்கோழியின் பெயரைப் பார்ப்போர் சிரியாமலிருத்தல் அரிது. அது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. துருக்கியர் நாட்டு வழியாக வந்த வேறொரு கோழியோடு மயங்கி, ஆங்கிலேயர் அதனைத் 'தேர்க்கி' என்றனர். துருக்கியரோ அதனை 'ஹிந்தி' என்பர்; பிரெஞ்சுக்காரரும் இந்தியக் கோழி என்னும் பொருள்படவே பெயரிட்டனர். போர்த்துக்கேயர் 'பெரு' என்றனர். ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டையின் பெயரால் அதனைக் 'கல்கூன்' என்றனர். அச்சொல் இலங்கையிற் புகுந்து சிங்களத்திற் 'கலுகும்' ஆயிற்று. எங்கிருந்து வந்தது என்று எவர்க்கும் தெரியவில்லை. தொலைவிலிருந்து வந்தது என்பது மட்டும் எல்லார்க்கும் தெரிந்தது. நாம் வானத்திலிருந்து வந்ததாகச் சொல்லி அவ்வழக்கை முடித்துவிட்டோம்!

தமிழர் இவ்விடயத்திற் குற்றமற்றவர் என்று யான் கூறவில்லை. வந்தான் வரத்தான் என்று அயலூரிலிருந்து வந்து குடியேறியவனைப் பழிப்பது நம்மூர் வழக்கே. ஆயினும் நம் இலக்கண நூலார் ஒரு நேர்மையைக் காட்டினர். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாடுகளிலிருந்து வந்த சொல்லைத் திசைச்சொல் என்று பெயரிட்டு, செய்யுள் செய்தற்குரிய நால்வகைச் சொல்லுள் ஒன்றாக ஏற்றனர். திசை என்பதில் இகழ்ச்சி இல்லை. எத்திசையிலிருந்து வந்தாய் என்னும் குறிப்பே உண்டு.

திசை என்றதும் ஒரு வழக்கைக் கண்டிக்காமலிருக்க முடியவில்லை. நம் செய்தித்தாள்களும் வானொலியும் 'மத்திய கிழக்கு', 'தூர கிழக்கு' என்று எழுதியும் பேசியும் வருகின்றன. அமெரிக்கக் கடற்படை அறிஞர் மகான் 1902இல் எழுதிய கட்டுரை ஒன்றினால் 'மிடில் ஈஸ்ட்' என்னும் பெயர் பரவிற்று. இலண்டனிலோ நியூயோர்க்கிலோ நிற்பவனுக்கு அது கிழக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து சவூதி அரேபியாவுக்கும் கத்தாருக்கும் உழைக்கச் செல்லும் இளைஞன் மேற்கு நோக்கியன்றோ பறக்கின்றான்! மேற்காசியா என்றால் யாருக்கும் தீங்கில்லை. 'தூர கிழக்கு' இன்னும் பொருந்தாது. மலாயாவின் புகையிரதத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலைபார்த்து மீண்ட மலாயாப் பென்சனியர்மார் இல்லாத ஊர் குடாநாட்டில் அரிதாயிருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்களுக்குச் சிங்கப்பூர் கொழும்பைவிட அதிகம் பழகிய பெயர். அதனை அவர்கள் ஒருபோதும் தூர கிழக்கு என்றதில்லை.

கொழும்பு ஆங்கிலத்திலும் இதற்கு ஒரு தம்பி உண்டு: 'அவுட்ஸ்டேஷன்'. கொழும்புக்கு வெளியேயுள்ள இலங்கை முழுவதும் அவ்வொரு சொல்லுள் அடங்கும். கண்டியும் காலியும் மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் அவர்க்கு ஒன்றே. தம் பிறந்தவூருக்குத் திரும்பும் நம்மவர் சிலரே 'அவுட்ஸ்டேஷன் போகின்றேன்' என்று சொல்லக் கேட்கின்றோம். சொந்த முற்றத்தை வெளி நிலையம் என்பது என்ன வழக்கோ!

நம் தீவே இரு வேறு அளவைகளில் எங்கு வைக்கப்பட்டது என்பதையும் காண்க. தப்ரபேன் என்னும் இத்தீவு நெடுங்காலம் வேறோர் உலகம் என்று எண்ணப்பட்டதாக உரோமப் பேராசிரியர் பிளினி முதலாம் நூற்றாண்டில் எழுதினார். 1671இல் வெளிவந்த 'பரடைஸ் ரீகெயின்ட்' என்னும் காவியத்தில், உரோமாபுரிக்குத் தூதர் வந்த தொலைநாடுகளை அடுக்கும் மில்டன், மலாயாவைக் குறிக்கும் பொற்றீபகற்பத்தோடு தப்ரபேனையும் சேர்த்துக் கடைக்கோடியில் நிறுத்துகின்றார். சூரிய சித்தாந்தத்தைத் திறந்தால் நிலைமை தலைகீழ். அங்கே தேசாந்தரக் கணக்குத் தொடங்கும் ரேகை இலங்கையினூடும் உச்சயினியினூடும் செல்கின்றது. அவ்விலங்கை பூமத்திய ரேகையில் கணிதத்தின்பொருட்டுக் கொள்ளப்பட்ட ஓரிடம். நாம் வாழும் நிலப்பரப்பன்று. ஆயினும் பெயர் நம்முடையது. 1884இல் வாசிங்டன் நகரில் கூடிய மாநாடு கிறீனிச்சைப் பூச்சியமாக வைத்தது. நம் கணிதர் இலங்கையை வைத்தனர். ஒருவர் ஏட்டிற் கடைசிப் புள்ளி, மற்றொருவர் ஏட்டில் முதற்புள்ளி.

எஞ்சியது ஒரு தொடர். 'வேர் டு யூ ஹெயில் ஃப்ரம்?' என்று ஆங்கிலத்தில் மரியாதையாக வினவுவர். நீவிர் எவ்விடம் என்பது அதன் பொருள். நம்மூரில் எவ்விடம் என்ற வினாவுக்குள் வேறு சில விசாரணைகளும் மறைந்திருப்பதுண்டு. அவற்றை இங்கு விரிக்க வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த நாட்டிற் பிறந்த நம் பிள்ளைகளிடம் இவ்வினா வரும்போது, ரொறன்ரோ என்றோ இலண்டன் என்றோ அவர்கள் விடைகூற, 'அல்ல, உண்மையில் எவ்விடம்?' என்று மீண்டும் கேட்போர் உளர் என்று பெற்றோர் பலர் எழுதுகின்றனர். வினா எத்தொழிலிற் பிறந்தது என்பதை அப்பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. 'ஹெயில்' என்பது கூவி அழைத்தல். நடுக்கடலில் ஒரு கப்பலைக் கண்ட மற்றொரு கப்பலின் மாலுமி, கூவி அதன் துறையை வினவுவான். அக்கப்பலும் தன் துறையின் பெயரைக் கூவும். முதல்நாள் எத்துறையை விட்டு வந்தது என்பது அங்கு விடையாகாது. தான் எத்துறைக்கு உரியது என்பதே விடை. அத்துறையின் பெயர் கப்பலின் பின்புறத்தே அதன் பெயருக்குக் கீழே எழுதப்பட்டிருக்கும். பல ஆண்டுகளாக அத்துறைக்கு மீளாத கப்பலிலும் அவ்வெழுத்து உண்டு.